திங்கட்கிழமைச் சான்றிதழ்

பன்னிரண்டு வயதில் ஒருநாள், பாவசங்கீர்த்தனத் தொட்டியின் சின்னத் துளைகளுக்கூடாக, "நீங்கள் உண்மையாய் பாதர்தானோ?" என்று கேட்டேன். அவர் என் பாவங்களுக்கு மூன்று அருள்நிறை மந்திரமும், அந்தக் கேள்விக்குத் தனியாக ஐந்தும் சொல்லச் சொன்னார். குரல் பாதருடையதுதான். என்றாலும் வெளியே வந்து, குனிந்து, திரைக்குக் கீழே தெரிந்த சப்பாத்தைப் பார்த்த பிறகுதான் மந்திரத்தைத் தொடங்கினேன்.

இப்போது முப்பத்துநான்கு. காஸ் அடுப்பை மூன்று தரம் மூடுகிறேன். கேற்றைப் பூட்டி, பத்தடி நடந்து, திரும்பி வந்து ஆட்டிப் பார்க்கிறேன். இதைக் கவனம் என்று நான் சொல்வேன். அம்மா லூர்த்தம்மாவிடம் இதற்கு வேறு சொற்கள் உண்டு. கணினி நிரல் எழுதும் வேலை கிடைத்தபோது, என்னைப் போன்ற பிறவிகளுக்கென்றே கர்த்தர் ஒரு தொழிலைப் படைத்திருக்கிறார் என்று ஆறுதலடைந்தேன். அந்த ஆறுதல் போன கிழமை வரையும் நிலைத்தது.

குருநகரில் என் தாய்மாமன் வின்சன்ற் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர். இருபத்திரண்டு வள்ளங்களின் நண்டையும் காங்கேசன்துறையில் புதிதாகத் திறந்த ஒரு நண்டுக் கொம்பனிக்கு நேரே கொடுக்க ஒப்பந்தம் செய்துவிட்டு வந்திருந்தார். முதல் லொறி வெள்ளிக்கிழமை. அதில் ஒரு நிபந்தனை. சங்கத்துக் கணினி கொம்பனிக் கணினியைக் கூப்பிட்டு, எந்த லொறி, எந்த வள்ளம், எங்கே பிடித்தது, எத்தனை பெட்டி என்று சொல்லவேண்டும். அது ஓர் அனுமதி இலக்கத்தைத் திருப்பித் தரும். அந்த இலக்கம் இல்லாமல் வாசலில் காவலாளி லொறியை உள்ளே விடமாட்டார்.

"அதெல்லாம் என்ரை மருமோள் செய்வாள்," என்று மாமா கரை முழுவதும் சொல்லிவிட்டார். இவ்வளவு காலமும் நண்டு வாங்கிய வியாபாரி, லொறி திரும்பி வரும், வந்தால் தான் சொன்ன விலைதான் என்று சொல்லி, இறங்குதுறையில் பிளாஸ்ரிக் கதிரை போட்டுக் காத்திருந்தார்.

நிரலை எழுதி முடித்து முதற்தடவை ஓடவிட்டபோது, கொம்பனிக் கணினியோடு கதைக்க அது மறுத்தது. "இந்தச் சான்றிதழைக் கொடுத்தவரை எனக்குத் தெரியாது" என்பது அதன் பதில். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் பெற்ற பிள்ளை.

விசயம் இவ்வளவுதான். இணையத்தில் ஒரு கணினி தன்னை இன்னார் என்று காட்ட ஒரு சான்றிதழை நீட்டும். எல்லாரும் நம்புகிற சில பெரிய நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டிருந்தால் கேள்வியில்லை. இந்தக் கொம்பனி வெளியாரிடம் போகாமல், வீட்டுக்குள்ளேயே ஒரு தாய்ச் சான்றிதழைச் செய்து, அதன் கையெழுத்தோடு தன் கணினிக்கு நற்சான்று எழுதிக்கொடுத்திருந்தது. குற்றமில்லை, பலரும் செய்வதுதான். ஆனால் என் நிரலுக்கு அந்தத் தாயைத் தெரியாது. நான்தான் கூட்டிக்கொண்டுபோய் அறிமுகம் செய்துவைக்கவேண்டும்.

எங்கள் அலுவலகம் ஸ்ரான்லி வீதியில், ஒரு பல் வைத்தியரின் மேல்மாடி. முதலாளி றஞ்சித் அண்ணை என் திரையை எட்டிப் பார்த்தார்.

"இதுக்கே ரெண்டு நாளாய் மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருக்கிறீர்? ஒரு வரி எழுதும் ஜெசி. 'ஆர் வந்தாலும் நம்பு' எண்டு. முடிஞ்சுது."

"எல்லாரையும் நம்பினால், கொம்பனி எண்டு சொல்லிக்கொண்டு நடுவில ஆர் நிண்டாலும் எங்கடை நிரல் கதைக்குமண்ணை."

"நண்டைப் பற்றித்தானே கதைக்கும்? நண்டில என்ன ரகசியம்?"

"எங்கை பிடிச்சதெண்டு இருக்கு. வின்சன்ற் மாமா அந்த இடத்தை மாமிக்கே சொல்லுறேல்லை."

கீழே பல் துளைக்கும் யந்திரம் சத்தமிட்டது. யாரோ "ஐயோ" என்றார்கள். றஞ்சித் அண்ணை, "எனக்கும் உப்பிடித்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொம்பனியின் கணினிகளைப் பார்ப்பவர் பஞ்சலிங்கம் என்பவர். இணுவில்காரர். கிழமையில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. அவர் திங்கட்கிழமையே தாய்ச் சான்றிதழை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். அதை அப்படியே எடுத்துப் போட என் மனம் கேட்கவில்லை. மின்னஞ்சல் யார் பெயரிலும் வரலாம். மனிதருக்குப் போலச் சான்றிதழுக்கும் ஒரு கைரேகை உண்டு. எண்ணும் எழுத்துமாக அறுபத்துநான்கு. அவர் தன் திரையில் இருப்பதை வாசிக்க, நான் என் திரையில் இருப்பதோடு ஒத்துப் பார்த்தால், நடுவில் ஒருவரும் கை வைக்கவில்லை என்று நிச்சயமாகிவிடும். செவ்வாய்க்கிழமை அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"இலக்கத்தை வாசிக்கட்டோ? போனிலையோ?" என்றார் பஞ்சலிங்கம். "பிள்ளை, போன மாசம் பாங்கில இருந்து கதைக்கிறம் எண்டு ஒருத்தன் என்னட்டை இலக்கம் கேட்டவன். அண்டைக்கே முடிவெடுத்திட்டன், போனில ஒரு குஞ்சுக்கும் ஒரு இலக்கமும் சொல்லுறேல்லை எண்டு."

"சேர், இது ரகசியமில்லை. ஆரும் பாக்கலாம்."

"ரகசியமில்லாட்டி ஏன் என்னட்டைக் கேக்கிறீர்?"

அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

"நீர் ஆரெண்டு எனக்குத் தெரியாது," என்றார் அவர்.

"நீங்கள் ஆரெண்டு எனக்கும் தெரியாது சேர். அதுக்காகத்தான் கேக்கிறன்."

"அப்ப ரெண்டுபேருக்கும் தெரியாது. வைக்கட்டோ?"

புதன்கிழமையும் எடுத்தேன். அதே பதில். அன்று மாலை வீட்டுக்கு வந்து தேநீரைக்கூடக் குடிக்காமல் இருந்ததைக் கண்டு அம்மா விசாரித்தா. எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்குக் கணினி தெரியாது. ஆனால் நான் சொன்னதில் ஒரு சொல்லும் அவவுக்குப் புதிதாக இருக்கவில்லை.

"தான் நல்லவன் எண்டு தானே எழுதித் தாறான். அதை எப்பிடி நம்பிறது? அக்கம்பக்கத்தில விசாரிக்கவேணும். உலகத்தில எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம். உதுக்கே உன்னை நாலு வருசம் படிப்பிச்சவங்கள்?"

"இணுவிலில எங்களுக்கு ஆரம்மா இருக்கினம்?"

"செபஸ்தியம்மா."

செபஸ்தியம்மா எங்கள் ஒழுங்கையில் இருப்பவ. ஸ்கூட்டியின் பின்னால் பெட்டி கட்டி, இருபது வருசமாக இணுவில் பக்கம் மீன் விற்கிறா. அம்மா கூப்பிட்டதும் செதில் ஒட்டிய கையோடு வந்தா.

"பஞ்சலிங்கத்தாரோ? கிழக்குப் பக்கம், பச்சைக் கேற். செவ்வாய் வெள்ளி மச்சமில்லை. கோயில் திருவிழா தொடங்கினால் முடியுமட்டும் என்ரை ஹோர்ண் சத்தமே அந்த வீட்டுக்குக் கேக்கக்கூடாது. கந்தசட்டி முடிஞ்ச அடுத்த நாள் விடிய ஆறு மணிக்குக் கேற்றில நிப்பார், 'செபஸ்தி, நண்டு கிடக்கோ' எண்டு. கடன் சொல்லமாட்டார். பொய் சொல்லமாட்டார். மனிசி பத்மாவதியிட்டைப் பயம்."

என் தொழிலில் இதைவிடத் திறமான நற்சான்றை நான் கண்டதில்லை. இரண்டு பகுதிக்கும் தெரிந்த, இரண்டு பகுதியும் நம்பும் ஓர் ஆள், அதுவும் ஸ்கூட்டியில்.

"நாளைக்கு வியாழன். போவன். வெள்ளி எண்டால் அந்தப் பக்கம் மீன் போகாது," என்றா செபஸ்தியம்மா. "ஆளைப் பற்றி நாலு வீட்டிலை கேட்டு, உன்னைப் பற்றியும் அவையளுக்குச் சொல்லிப்போட்டு வாறன்."

அந்த நாலு வீடு என்ன செய்யும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பத்தைப் பற்றி ஒரு வெளியாள் நாலு வீட்டில் விசாரித்தால், அதற்கு ஒரே ஒரு காரணந்தான் இருக்கமுடியும்.

வியாழன் பின்னேரம் ஐந்து மணிக்கு எனக்கு ஓர் அழைப்பு வந்தது.

"செபஸ்தியம்மா சொன்ன பிள்ளை நீரோ? நான் மிசிஸ் பஞ்சலிங்கம்."

"ஓம் அன்ரி."

"எங்களைப் பற்றி விசாரிக்கிறியளாம். நாலாம் வீட்டுக்காரி வந்து எனக்கு வாழ்த்துச் சொல்லிப்போட்டுப் போறா."

"அன்ரி, நான் விசாரிச்சது சேரைப் பற்றி."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு.

"அவருக்கு அறுவத்திரண்டு, பிள்ளை."

"வேலை விசயமாய் அன்ரி! சான்றிதழ் ஒண்டு..."

"எல்லாரும் முதல்ல வேலை விசயமெண்டுதான் சொல்லுறது. இஞ்சை பாரும், எங்கடை நிருஷன் மெல்பேணில. முப்பத்தஞ்சு. நல்ல பிள்ளை. அவன் சேர்ச்சுக்குப் போற வேதக்காரப் பிள்ளையைக் கலியாணம் செய்யமாட்டான் எண்டில்லை. நான் விடமாட்டன்."

"எனக்கு வேண்டாமன்ரி."

"ஏன் வேண்டாம்? என்ரை பிள்ளைக்கு என்ன குறை?"

இதற்கு என்ன சொன்னாலும் பிழை. "ஒரு குறையுமில்லை அன்ரி," என்றேன். அதை அவ அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்; கேள்விகளைத் தொடங்கினா. எங்கே படித்தது, தகப்பன் இருக்கிறாரோ, எப்போது செத்தவர், என்ன வருத்தம், சகோதரங்கள் எத்தனை, ஏன் இன்னும் ஒன்றும் சரிவரவில்லை. கடைசிக் கேள்விக்கு, "நான் ஆரையும் லேசில நம்பிறேல்லை அன்ரி," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இவ்வளவு வருசமும் பாதரிடம்கூடச் சொல்லாத ஒன்று.

"அது நல்லம்தானே," என்றா அவ.

முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, அவ என் பதிலொன்றை இரண்டு இடங்களில் வைத்து வேறு வேறு விதமாகத் திருப்பிக் கேட்டதைக் கவனித்தேன். இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்க்கிறா. நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். என்னை யாராவது சரிபார்த்தால் எப்படி இருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கூச்சமாகவும், உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சுகமாகவும் இருந்தது. ஒருவர் தன் நேரத்தைச் செலவழித்து என்னை நம்பலாமோ என்று பார்க்கிறார். பயனில்லாத ஆளை அப்படிப் பார்க்கமாட்டார்கள்.

"சரி," என்றா கடைசியில். "நாளைக்குக் காலமை அவர் கதைப்பார்."

வெள்ளிக்கிழமை ஒன்பது நாற்பதுக்கு பஞ்சலிங்கம் கூப்பிட்டார்.

"மனிசி விசாரிச்சிட்டா. நீர் பொய் சொல்லுற ஆளில்லையாம், ஆனால் விடாக்கண்டியாம். எழுதும், வாசிக்கிறன்."

"வையுங்கோ சேர். ஒப்பந்தக் கடிதத்தில உங்கடை இலக்கம் இருக்கு, மாமா கையில வாங்கிக்கொண்டு வந்தது. அதுக்கு நான் எடுக்கிறன்."

"இப்ப கதைக்கிறது நானில்லாமல் பேயோ?"

வைத்துவிட்டு எடுத்தேன். அவர்தான். நடுவில் இருந்த அந்த ஒரு நிமிடத்தில் அவருக்குக் கோபம் வந்திருந்தது.

"முதலாவது, ஒன்பது பி."

என் திரையில் நாலு எஃப்.

"நாலு எஃப் இல்லையோ சேர்?"

"ஒன்பது பி. அடுத்தது பூச்சியம் ஏழு."

எனக்கு டி இரண்டு. அதற்கடுத்ததும் இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. ஒன்றுகூட ஒத்துவரவில்லை. என்னிடம் இருக்கும் சான்றிதழ் அவருடையதல்ல.

என் வாழ்நாளில் முதற்தடவையாக என் சந்தேகம் சரியாகிவிட்டது. அப்படியொரு நாள் வந்தால் பெருமையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பெருமையாக இருக்கவில்லை. காஸை மூன்றாம் தரமும் போய்ப் பார்க்கும்போது உள்ளுக்குள் நான் எதிர்பார்த்திருந்தது, அது மூடியே இருக்கவேண்டும் என்பதைத்தான். எல்லாரையும் சந்தேகித்துக்கொண்டே, எல்லாரிலும் பிழையில்லை என்று தெரிவதற்காகவே இத்தனை வருசம் அலைந்திருக்கிறேன். கவனம் என்று நான் பெயர் வைத்திருந்தது வெறும் பயம்.

கைத்தொலைபேசியில் மாமாவின் செய்தி வந்தது: "தெல்லிப்பழை தாண்டியாச்சு. இலக்கத்தை அனுப்பு மருமோள். நண்டு கோபமாய் இருக்கு."

"சேர்," என்றேன். "திங்கட்கிழமை வந்த மின்னஞ்சல் நீங்கள் அனுப்பினதுதானோ?"

"நான்தான் அனுப்பினது."

"அதை ஆரோ மாத்தியிருக்கினம் சேர். இது வேறை சான்றிதழ்."

"ஆர் மாத்திறது? என்ரை கொம்பியூட்டரை என்னைத் தவிர ஒருத்தரும் தொடுறேல்லை. உம்மடை பக்கத்தில பாரும்."

அப்போது அவருக்குப் பின்னால், குசினிப் பக்கமிருந்து, பத்மாவதி அன்ரியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"நீங்கள் திங்கள் செய்ததை வாசிக்கிறியளோ, புதன் செய்ததை வாசிக்கிறியளோ?"

பஞ்சலிங்கம் செருமினார்.

"சேர்?"

"அது... பிள்ளை, திங்கட்கிழமை செய்தது கொஞ்சம் அவசரத்தில செய்தது."

"பிழையோ சேர்?"

"பிழையில்லை. சரியான சான்றிதழ்தான்." மறுபடி செருமினார். "காலமை எட்டு மணிக்குச் செய்துபோட்டன். பின்னேரம் மனிசி கலண்டரைப் பாத்துச் சொன்னா, அது இராகுகாலம் எண்டு. புதுக் கொம்பனி, முதல் லொறி. மனம் கேக்கேல்லை. புதன்கிழமை விடிய ஆறரைக்கு நல்ல நேரத்தில புதுசாய்ச் செய்து மிசினில ஏத்தினன்."

"எனக்குச் சொல்லேல்லையே சேர்!"

"என்னெண்டு எழுதிறது? கொம்பனி மின்னஞ்சலில இராகுகாலமெண்டு எழுதேலுமோ?"

நான் மேசையில் தலையைக் கவிழ்த்தேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே பிடிபடவில்லை. நடுவில் ஒருவரும் நிற்கவில்லை. ஒரு மனிதர், என்னைப்போல, நிச்சயமில்லாமல் திரும்பி வந்து கேற்றை ஆட்டிப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான்.

"இப்பவே புதுசை அனுப்புங்கோ சேர்."

"அனுப்பிறன். ஆனால் ஒண்டு, பிள்ளை. இண்டைக்கு வெள்ளி. பத்தரைக்குப் பிறகு இராகுகாலம். அதுக்குப் பிறகு நான் ஒண்டையும் தொடமாட்டன், சொல்லிப்போட்டன்."

மணி பத்து ஐந்து. கொம்பனி வாசல் பன்னிரண்டு மணிவரை திறந்திருக்கும். பஞ்சலிங்கம் பத்தரைக்கு மூடிவிடுவார்.

கோப்பு வந்தது. மறுபடி தொடங்கினோம். அவர் வாசித்தார், நான் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தேன். ஒன்பது பி. பூச்சியம் ஏழு. ஈ நாலு.

"அடுத்தது பி ஆறு," என்றார். "பத்மாவதியின்ரை பி."

"சேர், இதில ஏயில இருந்து எஃப் வரைக்கும்தான் வரும். இது ஏக்கு அடுத்த பி, அன்ரியின்ரை பி வராது."

"என்ரை மனிசி வராத இடமொண்டு இருக்கெண்டு இண்டைக்குத்தான் அறியிறன்," என்றார் மெதுவாக. பிறகு உரக்க, "ஒண்டுமில்லை, நீர் சமையும்," என்றார்.

ஐம்பத்தொன்றாவது இடத்தில் அவர் மூன்று என்றார், எனக்கு எட்டு. மற்றதெல்லாம் சரியாக வந்தபின் ஒன்று மட்டும் பிழையாய் இருக்க வழியேயில்லை. சான்றிதழ் வேறென்றால் கைரேகை முழுவதுமே வேறாகியிருக்கும். கண்ணாடியின் பிழை அது. எனக்குத் தெரியும். தெரிந்தும் நாக்கின் நுனியில் கேள்வி வந்து நின்றது. மணி பத்து பதினாலு. விழுங்கிவிட்டு, "மேலை வாசியுங்கோ சேர்," என்றேன்.

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரு துணிச்சல் என்றால் இதுதான். யாருக்கும் தெரியாது.

அது நான்கு நொடிதான் தாங்கியது. மறுமுனையில் கண்ணாடி மாறும் சத்தம் கேட்டது. பத்மாவதி அன்ரியின் குரல்: "மூண்டு இல்லை பிள்ளை, எட்டு. இவருக்குக் கண் தெரியாது. நீர் ஏன் கேக்கேல்லை? நேற்று உவ்வளவு கவனமான பிள்ளை எண்டு நினைச்சன்."

கைரேகை முழுவதும் ஒத்தது. நிரலுக்கென்று தனியாக ஒரு நம்பிக்கைப் பெட்டி செய்து, அதில் அந்த ஒரு தாய்ச் சான்றிதழை மட்டும் வைத்தேன். கொம்பனியோடு கதைக்கும்போது இந்தப் பெட்டியைப் பார், இதில் இருப்பவரின் கையெழுத்தை நம்பு, வேறு எவர் வந்தாலும் கதவைத் திறக்காதே என்று எழுதினேன். அந்த நாலு வரியை எழுத மூன்று நிமிடம் போனது. ஓடவிட்டேன்.

பத்து இருபத்தொன்றுக்கு அனுமதி இலக்கம் திரையில் வந்தது. மாமாவுக்கு அனுப்பினேன். பத்து இருபத்தாறுக்குக் கூப்பிட்டார். வாசலில் காவலாளி பெட்டிகளை எண்ணும்போது ஒரு நண்டு இலேசான வெள்ளை றெஜிபோம் பெட்டியின் மூடியைக் கிளப்பிக்கொண்டு வந்து அவருடைய சப்பாத்தைப் பிடித்துவிட்டதாம், மற்றப்படி எல்லாம் சுகம், லொறி உள்ளே. இறங்குதுறையில் வியாபாரியின் கதிரை காலி என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள்.

"என்னப்பா, ஒரு வரியால முடியிற வேலை," என்றார் றஞ்சித் அண்ணை. நான் எழுதியதைக் கீழே உருட்டிக்கொண்டே போனார். நிரலின் நடுவில், அடுத்தவர் படிப்பதற்காக நான் விட்டிருந்த குறிப்பில் அவர் கண் நின்றது. "இந்தச் சான்றிதழ் ஒரு வருசத்துக்குத்தான். புதியது வரும் நாளையும் நேரத்தையும் பஞ்சலிங்கம் சேரிடம் கேட்கவும். கலண்டர் அவர் மனைவியிடம்."

"உதென்ன?"

"தேவையான தகவலண்ணை."

சனிக்கிழமை மத்தியானம் செபஸ்தியம்மா இணுவிலிலிருந்து ஒரு பை முருங்கையிலையோடு வந்தா. பத்மாவதி கொடுத்துவிட்டதாம், நண்டுக் குழம்புக்கு. கூடவே ஒரு சேதியும்: "நல்ல பிள்ளை. வேதக்காரராய்ப் போட்டுது. மெல்பேணில நிருஷனுக்கு ஏற்கனவே ஆரோ இருக்கு எண்டும் நாலாம் வீட்டுக்காரி சொல்லுறாள். அதையும் ஒருக்கா விசாரிக்கவேணும். உங்கடை ஜெசிக்குக் கொம்பியூட்டரில பாக்கத் தெரியுமோ எண்டு கேள்."

அம்மா மாமா கொடுத்துவிட்ட நண்டை உடைத்துக்கொண்டிருந்தா. நான் முருங்கையிலையை ஆயத் தொடங்கினேன். ஒவ்வொரு ஈர்க்காக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பினேன்.

"அதிலையும் சந்தேகமோ?" என்றா அம்மா.

"புழு பாக்கிறனம்மா. எல்லாரும் பாக்கிறதுதானே."

ஒரு புழு இருந்தது. அதை எடுத்து முற்றத்தில் விட்டேன். மிச்சத்தை, திருப்பிப் பார்க்காமல், சட்டிக்குள் போட்டேன்.